கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டு: நிறுவனத்தின் தகவல் முறை வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடை. பைப், ஃபிட்டிங்ஸ், மோட்டார் சாமான்கள். பெயர் வேண்டாம். மூன்று வருடங்களுக்கு முன் நல்ல பணம் கொடுத்து சாஃப்ட்வேர் போட்டார்கள். பார்கோடு, இருப்புக் கணக்கு, பாக்கிப் பட்டியல், இரவு எட்டரைக்கு முதலாளியின் செல்போனுக்கு வரும் விற்பனைச் செய்தி என்று எல்லாம் உண்டு. போட்ட காசுக்கு அது உழைக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார். கடலூர், புதுச்சேரிப் பக்கம் சிறு, நடுத்தர நிறுவனங்களின் கணக்கு முறைகளைப் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

கம்ப்யூட்டர் பக்கம் நான் போகவில்லை. கல்லாவில் இருந்த பெரியவரிடம், "ஐயா, அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க" என்றேன்.

"எந்த நோட்டு தம்பி? எல்லாம் சிஸ்டத்துலதான் இருக்குது."

"சிஸ்டத்துல இல்லாதது எந்த நோட்டுல இருக்கோ, அது."

சிரித்துவிட்டார். கல்லாவுக்குக் கீழே, ஊதுபத்திப் பாக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து, நீளவாக்கில் தைத்த நோட்டு ஒன்று வந்தது. பிளம்பர்கள் "பொருந்துதான்னு பார்த்துட்டு மிச்சத்தைக் கொண்டாறேன்" என்று பில் போடாமல் எடுத்துப் போன சாமான்கள் ஒரு பக்கம். வங்கியில் போடாமல் வைத்திருக்கும் காசோலைகள் ஒரு பக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே "வெள்ளி கேட்டுட்டுப் போடணும்" என்று குறிப்பு. ஒரு காண்ட்ராக்டருக்கு முதலாளி வாயால் சொன்ன தள்ளுபடி. அப்புறம், திரையில் இருப்பு இருப்பதாகக் காட்டியும் குடோனில் கைக்கு அகப்படாத சாமான்களின் பட்டியல், இரண்டரைப் பக்கத்துக்கு.

அந்த சாஃப்ட்வேரைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கை அந்த நோட்டிலேயே இருந்தது. நான் பிறகு டைப் செய்து கொடுத்தது அதற்கான விளக்கவுரைதான்.

நிர்வாகவியல் பாடத்தில் தகவல் முறை என்று ஒரு சொல் வரும். கேட்டதும் சர்வர், திரை, சாஃப்ட்வேர் என்றுதான் மனதில் தோன்றும். ஆனால் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பும் கடைகளில் தகவல் முறை இருந்தது. அன்றாடம் நடந்ததைச் சிட்டையில் எழுதினார்கள். சிட்டையிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றினார்கள். யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று பேரேட்டைப் பார்த்து, இன்னும் கடன் கொடுக்கலாமா என்று முதலாளி முடிவெடுத்தார். நடந்ததைப் பதிவது, அடுக்குவது, அதை வைத்து முடிவெடுப்பது என்ற இந்த மூன்றும் சேர்ந்ததுதான் முறை. ஆட்கள், காகிதம், பழக்கம், எந்திரம் எல்லாம் அதற்குள் அடக்கம். சாஃப்ட்வேர் அதில் ஒரு பகுதி. கடையில் நடக்கும் ஏதோ ஒன்றைப் பதிய சாஃப்ட்வேரில் இடம் இல்லாமல் போனால், அந்த விஷயம் நின்றுவிடாது. கல்லாவுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தண்டும் பெல்ட்டும்

இந்தக் குழப்பம் நம் ஊருக்கு மட்டும் உரியது இல்லை. 1987-ல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ, ஒரு மதிப்புரைக்கு நடுவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதினார். கம்ப்யூட்டர் யுகம் எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் அதைக் காணோம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டுதான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது என்பதால் வரி நன்றாகப் பரவியது. அமெரிக்க நிறுவனங்கள் கம்ப்யூட்டருக்குக் கொட்டிய பணத்துக்கு ஏற்ற பலன் கணக்கில் தெரியாதது ஏன் என்று பலரும் மண்டையைக் குடைந்துகொண்டார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1990-ல், பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு மின்சாரத்தின் கதைக்குப் போனார். பழைய ஆலைகளில் ஒரு பெரிய நீராவி இயந்திரம் இருக்கும். அது கூரையோரம் ஓடும் நீண்ட தண்டைச் சுழற்றும். தண்டிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஒரு பெல்ட் இறங்கும். மின்சாரம் வந்ததும் பல முதலாளிகள் நீராவி இயந்திரத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். தண்டும் பெல்ட்டும் அப்படியே இருந்தன. மின் நிலையங்கள் 1880களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டாலும், அமெரிக்க ஆலைகளின் உற்பத்தித்திறன் பாய்ச்சலாக உயர்ந்தது 1920களில்தான். அதற்குள் ஒவ்வொரு எந்திரத்துக்கும் தனியாகச் சின்ன மோட்டார் வந்திருந்தது. தண்டுக்காக எந்திரங்களை வரிசைகட்டி நிறுத்த வேண்டிய கட்டாயம் போனதால், வேலை எப்படி ஓடுகிறதோ அப்படி ஆலையை அமைக்க முடிந்தது.

புதுச்சேரியின் தொழிற்பேட்டை ஒன்றில் நான் பார்த்த ஒரு தொழிற்சாலையில் இந்தத் தண்டையும் பெல்ட்டையும் அப்படியே கண்டேன். உதிரிபாகம் வாங்க வேண்டும் என்றால் முன்பு ஒரு படிவத்தை நிரப்பி, மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஈஆர்பி, அதாவது கொள்முதல், இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் சாஃப்ட்வேர், வந்த பிறகு அதே படிவத்தைத் திரையில் நிரப்பினார்கள். பிரிண்ட் எடுத்தார்கள். மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஸ்கேன் செய்து திரும்ப ஏற்றினார்கள். பழைய ஃபைலில் இருந்த தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டால், முன்பு ஒரு படிவம் வெளியே வர சராசரியாகப் பதினோரு நாள். ஈஆர்பிக்குப் பிறகும் பதினோரு நாள்தான். காரணம் எளிது. மூன்றாவது கையெழுத்துக்காரர் செவ்வாயும் வெள்ளியும்தான் அந்தத் தொழிற்சாலைக்கு வருவார்.

"அப்போ சாஃப்ட்வேர் தப்பா?" என்று மேலாளர் கேட்டார். சாஃப்ட்வேரில் ஒரு குறையும் இல்லை. ஐந்தாயிரம் ரூபாய்க்குக் கீழே இரண்டு கையெழுத்து போதும் என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தால், ஈஆர்பி இல்லாமலே நாட்கள் குறைந்திருக்கும். ஈஆர்பியோடு சேர்ந்து விட்டிருந்தால் இன்னும் குறைந்திருக்கும்.

இங்கே இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய ஃபைலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பதினோரு நாள் கணக்கு எனக்குக் கிடைத்தது. பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. சாஃப்ட்வேர் வாங்கி இரண்டு வருடம் கழித்து "பலன் இருக்கா?" என்று கேட்பார்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு எண்ணும் இருக்காது. பில் போட எத்தனை நிமிடம் ஆனது, வருடக் கடைசியில் இருப்பு எவ்வளவு உதைத்தது, பாக்கி வசூலாக எத்தனை நாள் ஆனது என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். வாங்குவதற்கு முந்தைய மாதம் ஒரு ஆள், ஒரு நோட்டு, ஒரு கடிகாரம் இருந்தால் இந்த அளவெல்லாம் எடுத்துவிடலாம். பத்து இடத்தில் சொன்னால் ஒரு இடத்தில் செய்வார்கள்.

எண்ணைப் பார்த்து எதை மாற்றினீர்கள்?

பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிலை எடுத்துக்கொள்வோம். நம் மாவட்டத்தில் தகவலின் விலை இவ்வளவு பச்சையாகத் தெரியும் தொழில் வேறு இல்லை என்று நினைக்கிறேன்.

முந்திரிக் கொட்டை 80 கிலோ மூட்டையாக வரும். அவித்து, உடைத்து, உலர்த்தி, தோல் நீக்கி, ரகம் பிரித்தால், கொட்டையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பருப்பாக நிற்கும். அந்தப் பருப்பும் ஒரே விலைக்குப் போகாது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடையில் 300 முதல் 320 முழுப்பருப்பு. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. டபிள்யூ 180 இன்னும் பெரிசு, விலையும் அதற்கேற்றபடி. உடைந்தால் பாதி, துண்டு, குருணை என்று விலை படிப்படியாக இறங்கும். ஆகவே முதலாளிக்கு இரண்டு கேள்விகள்தான் உயிர். இந்த லாட் கொட்டையில் எத்தனை சதவீதம் பருப்பு வந்தது? அதில் முழுசு எவ்வளவு?

ஒரு லாட் ஆயிரம் மூட்டை என்று வையுங்கள். 80 டன். பருப்பு 25 சதவீதம் வர வேண்டிய இடத்தில் 24 வந்தால், குறைவது 800 கிலோ. பருப்பு கிலோ 700 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 5,60,000 ரூபாய். ஒரே லாட்டில், ஒரே ஒரு சதவீதத்தில். இது லாட் ஓடும்போதே நான்காம் நாள் தெரிந்தால், கொட்டையில் ஈரம் அதிகமா, அவித்த பக்குவம் தவறா, உடைப்பில் சேதமா என்று பார்த்து மீதி மூட்டைகளையாவது காப்பாற்றலாம். அந்த வியாபாரியிடம் அடுத்த கொள்முதலுக்கு விலையைக் குறைத்துப் பேசலாம். ஆண்டு முடிந்து ஆடிட்டர் சொல்லித்தான் தெரியவரும் என்றால், அதே எண்ணுக்கு மதிப்பு ஏதும் இல்லை.

ஆனால் நான் பார்த்த பல முந்திரி ஆலைகளின் கணக்கில் வாங்கிய பில்லும் விற்ற பில்லும் மட்டும் ஒழுங்காக ஏறியிருக்கும். நடுவில் நடப்பதெல்லாம் இருட்டு. எந்த லாட் கொட்டை எந்தத் தேதி உடைப்புக்குப் போனது என்பது மேஸ்திரியின் நோட்டில் இருக்கும். நோட்டு மேஸ்திரியின் சட்டைப்பையில் இருக்கும். ஜிஎஸ்டிக்கு வேண்டியது கம்ப்யூட்டரில் இருக்கிறது, முதலாளிக்கு வேண்டியது சட்டைப்பையில் இருக்கிறது. என்னைக் கேட்டால், நம் பக்கத்து நிறுவனங்களில் பெரும்பாலான கணக்கு சாஃப்ட்வேர்கள் ஆடிட்டருக்காக ஓடுகின்றன. முதலாளிக்காக ஓடுபவை மிகக் குறைவு.

ஆகவே மதிப்பிடப் போகும் இடத்தில் முதலாளியிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: போன மூன்று மாதத்தில், திரையில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு, செய்யவிருந்த ஒன்றைச் செய்யாமல் விட்டது உண்டா? ஒரு ஆர்டரை நிறுத்தியது, ஒரு ஆளுக்குக் கடன் மறுத்தது, ஒரு ரகத்தை வாங்காமல் விட்டது என்று ஏதாவது. சிலர் உடனே இரண்டு மூன்று சொல்வார்கள். சிலர் யோசித்துவிட்டு, மாதம் தவறாமல் பதினான்கு பக்க ரிப்போர்ட் வருகிறது என்று பெருமையாக எடுத்துக் காட்டுவார்கள். மேல் பக்கத்தில் டீக்கறை இருக்கும். உள்பக்கங்கள் புதுசாக இருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் முறைப்படுத்தியிருக்கிறார்கள். வில்லியம் டிலோன், எஃப்ரைம் மக்லீன் என்ற இருவர் 1992-ல் ஒரு சட்டகம் கொடுத்தார்கள். முறையின் தரம், அதிலிருந்து வரும் தகவலின் தரம், பயன்பாடு, பயன்படுத்துவோரின் திருப்தி, தனிநபர் மீதான தாக்கம், நிறுவனத்தின் மீதான தாக்கம் என்று ஆறு பக்கங்களிலிருந்து பார்க்கச் சொன்னார்கள். 2003-ல் திருத்தியபோது சேவையின் தரத்தைச் சேர்த்து, தாக்கங்களை நிகரப் பலன் என்று ஒன்றாக்கினார்கள். உலகம் முழுக்க மாணவர்கள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். இந்த ஆறில் நம் ஊரில் யாரும் கண்டுகொள்ளாதது இரண்டாவது, தகவலின் தரம். திரையில் வந்துவிட்டால் அது உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அப்படி எடுத்துக்கொண்டதன் விளைவுக்கு இங்கிலாந்து அஞ்சல் துறையின் கதையை விடப் பெரிய சாட்சி இல்லை. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபுஜிட்சு நிறுவனம் கொடுத்தது. கிளைகளில் திடீர் திடீரென்று பணம் குறைவதாகத் திரை காட்டியது. கிளை நடத்துபவர்கள் நாங்கள் எடுக்கவில்லை என்றார்கள். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்றது நிர்வாகம். குறைந்த பணத்தைப் பலர் சொந்தக் கையிலிருந்து கட்டினார்கள், வீட்டை இழந்தார்கள், சிலர் சிறைக்குப் போனார்கள். 2015 வரையான காலத்தில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. மொத்தமாகத் தண்டனைகளை நீக்க 2024-ல் ஒரு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

அது எங்கேயோ நடந்தது என்று தள்ளிவிட முடியவில்லை. புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் ஒரு கடையில், மாதாமாதம் ஒரு சோப்பு ரகத்தில் இருப்பு குறைகிறது என்று குடோன் பையனின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மாதம் பிடித்தாகிவிட்டது. பார்த்தால், கம்பெனிக்காரன் பெட்டிக்கு 24 என்பதை 20 ஆக மாற்றியிருக்கிறான். சாஃப்ட்வேரில் பெட்டிக்கு 24 என்றே நிற்கிறது. ஒவ்வொரு பெட்டி வரவிலும் இல்லாத நாலு சோப்பு கணக்கில் ஏறியிருக்கிறது. பையனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றால், தீபாவளிக்குச் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள்.

விலை என்ன, செலவு என்ன?

சாஃப்ட்வேரின் விலை வேறு, அதற்கு ஆகும் செலவு வேறு. வாங்கும்போது கொடுப்பதை மட்டும் பார்க்காமல், வைத்திருக்கும் காலம் முழுக்க ஆகும் மொத்தச் செலவைப் பாருங்கள் என்று 1987-ல் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் சொல்லத் தொடங்கியது. நம் ஊரில் அதை இப்படிப் பிரிக்கலாம். பழைய சாமான் பட்டியலைப் புதிதாக ஏற்றும் ஆட்களின் கூலி. முதல் இரண்டு மாதம் பில் போட ஆகும் தாமதம், அதில் போகும் வாடிக்கை. வருடா வருடம் ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தக் கட்டணம். யுபிஎஸ் பேட்டரி மாற்றுவது. கடலூர் முதுநகர், துறைமுகம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று என்று இன்னொரு செலவும் உண்டு. கம்ப்யூட்டரின் உள்ளே செம்பு பச்சை பூத்துப் போகும், தகரம் துருப்பிடிக்கும். பெங்களூருவில் இருந்து கொட்டேஷன் அனுப்புகிறவருக்கு இது தெரியாது. மூன்று லட்சத்துக்கு வாங்கியதற்கு ஐந்து வருடத்தில் எட்டு லட்சம் ஆனால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எட்டு லட்சம் தவறு என்றும் சொல்ல மாட்டேன். முந்திரி ஆலையில் ஒரே லாட்டில் ஐந்தரை லட்சம் போவதைத் தடுத்தால் அது மலிவு. மூன்று லட்சம் என்று நினைத்து வாங்கியதுதான் தவறு.

எப்போது மாற்றுவது என்பதிலும் பணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 11.2 கோடி டாலர் செலவில் புதிய முறையைக் கொண்டுவந்தது. நான்கு ஆண்டு என்று மதிப்பிட்ட வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியது. அவர்களுக்கு மிட்டாய் அதிகம் விற்கும் காலம் அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன். ஆர்டர்கள் ஜூலையிலிருந்தே குவியும். குடோனில் சரக்கு இருக்கிறது, கடைக்காரர் கேட்கிறார், புதிய முறையால் அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் அப்படி நின்றது. நம் கடைகளில் விஜயதசமியன்று பூஜை போட்டுப் புது சாஃப்ட்வேரைத் தொடங்குவார்கள். நாள் நல்ல நாள்தான். ஆனால் மூன்று வாரத்துக்குள் தீபாவளி. ஜவுளிக்கடைக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். விஜயதசமியன்று பூஜை மட்டும் போட்டு, ஒரு பில் அடித்துவிட்டு, நிஜமான மாற்றத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்தார். சாமிக்கும் குறை இல்லை, கடைக்கும் குறை இல்லை.

33-க்கும் 34-க்கும் நடுவே

கடலூரிலிருந்து புதுச்சேரி இருபது சொச்சம் கிலோமீட்டர். ஆல்பேட்டை வழியாகப் போனால் கொஞ்ச நேரத்தில் எல்லையில் இருக்கும் முள்ளோடை வந்துவிடும். எல்லை தாண்ட நம் ஊரில் பலருக்கு வேறு காரணங்கள் உண்டு, அது இருக்கட்டும். வியாபாரிக்கு அங்கே மாநிலம் மாறுகிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிப்பதாக வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கடலூரில் குடோனும் புதுச்சேரியில் கடையும் வைத்திருப்பவர் வரிச் சட்டத்தின் கண்ணில் இரண்டு ஆட்கள். தன் சரக்கைத் தானே தன் கடைக்கு அனுப்பினாலும், மாநிலம் விட்டு மாநிலம் போவதற்கான ஐஜிஎஸ்டி வரி போட்டு பில் வேண்டும். மதிப்பு ஐம்பதாயிரத்தைத் தாண்டினால் இ-வே பில் என்ற சரக்குப் போக்குவரத்துச் சீட்டும் வேண்டும். கட்டிய வரியைப் புதுச்சேரிப் பதிவில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கணக்கு இரண்டாக நிற்க வேண்டும்.

ஒரு வியாபாரிக்கு விற்ற சாஃப்ட்வேரில் குடோன் மாற்றம் என்று அழகான ஒரு பொத்தான் இருந்தது. ஒரு சொடுக்கில் சரக்கு கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்விடும். பில் வராது. விற்றவர் ஒரே மாநிலத்துக்குள் கிளை வைத்திருப்பவர்களை மனதில் வைத்துச் செய்தது. ஏழு மாதம் அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். அதைச் சரிசெய்ய ஆன செலவில் இன்னொரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கலாம். டெமோ காட்டும்போது விற்பவரின் உதாரணத்தைப் பார்த்துத் தலையாட்டாமல், "என் சரக்கு ஒன்றை என் கடைக்கு அனுப்பிக் காட்டு" என்று கேட்டிருந்தால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பில்லை அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. நேற்றுவரை சரியாக இருந்த சாஃப்ட்வேர் ஒரு அறிவிப்பில் பத்தாமல் போகும். ஆகவே வருடம் ஒரு தடவையாவது திரும்பப் பார்க்கத்தான் வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் திருத்தப் பதிவு கட்டாயம். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்கவும் கூடாது. நல்ல விதி. ஆனால் நான் போன ஒரு கம்பெனியில் ஐந்து பேரும் ஒரே பெயரில் உள்ளே போகிறார்கள்: அட்மின். கடவுச்சொல் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. பதிவில் வரிசையாக அட்மின் மாற்றினார், அட்மின் அழித்தார், அட்மின் திரும்பப் போட்டார் என்று நிற்கிறது. சட்டப்படி குறை சொல்ல முடியாத, உபயோகத்துக்கு உதவாத ஒரு பதிவு. தகவல் முறையை நிர்வகிப்பது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். ஆளுக்கு ஒரு நுழைவுப் பெயர் கொடுங்கள். பில் போடுகிறவர் இருப்பைத் திருத்த முடியாதபடி வையுங்கள். வேலையை விட்டுப் போனவரின் நுழைவை அன்று மாலையே மூடுங்கள். இதற்குப் பணம் தேவையில்லை. கொஞ்சம் சங்கடத்தைத் தாங்க வேண்டியிருக்கும், இருபது வருடமாக இருக்கும் கணக்குப்பிள்ளை, "என்னை நம்பலையா?" என்று கேட்பார்.

புயல் வந்த பிறகு

இந்தப் பகுதியை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சம்.

இந்தக் கடற்கரையில் தொழில் செய்பவர்களுக்குப் பேரிடர் என்பது பாடப்புத்தக அத்தியாயம் இல்லை. 2004 சுனாமி. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய தானே புயல். முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து, பல இடங்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2015 வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல். 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகளுக்குள் புகுந்தது.

அப்படித் தண்ணீர் புகுந்த ஒரு அலுவலகத்துக்கு, அதற்கு முந்தைய ஆடி மாதம் நான்தான் பேக்கப் முறை எழுதிக் கொடுத்திருந்தேன். தினமும் மாலை ஆறு மணிக்கு நகல் தானாக ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏறும். வாரம் ஒரு தடவை அந்த டிஸ்க்கை முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போவார். எல்லாம் எழுதியபடி நடந்தது. புயல் முடிந்து, புதுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைச் செருகினோம். ஃபைல்கள் வரிசையாக நின்றன. ஒன்றும் திறக்கவில்லை. செப்டம்பரில் சாஃப்ட்வேரை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு தினமும் ஏறியது ஒரு காலிக் கூடு. நகல் எடுக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். மாதம் ஒரு தடவை திறந்து பார்க்கும்படி எழுதவில்லை. இரண்டரை மாதக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில் படங்களிலிருந்தும் ஜிஎஸ்டி தளத்திலிருந்தும் வங்கி வரவுசெலவிலிருந்தும் திரும்பக் கட்டினோம். நான் அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

இப்போது பேக்கப் பற்றிப் பேசும்போது தொழில்நுட்பத்தை ஓரம் வைத்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்கிறேன். எத்தனை நாள் கணக்கைக் கையால் திரும்ப எழுதத் தயார்? எத்தனை நாள் கம்ப்யூட்டர் இல்லாமல் கடையை நடத்த முடியும்? ஒரு நாள், அரை நாள், ஒரு வாரம் என்று முதலாளி சொல்லும் பதிலைப் பொறுத்து நகல் எடுக்கும் இடைவெளியும் மாற்றுக் கம்ப்யூட்டர் ஏற்பாடும் அமையும். எல்லாவற்றையும் கிளவுடில் போட்டால் போதும் என்பவர்கள் தானே புயலுக்குப் பிந்தைய வாரத்தை நினைத்துப் பார்க்கலாம். தகவல் எங்கோ பத்திரமாக இருந்தாலும், அதை எட்ட மின்சாரமும் லைனும் வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு தவறான புதுப்பிப்பால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தபோது, நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பேனாவும் படிவமும் கைவசம் இருந்ததால் ஆட்கள் விமானம் ஏறினார்கள். வரிசை எண் அச்சிட்ட கைபில் புத்தகம் இரண்டை அலமாரியில் வைத்திருக்கச் சொல்வது இப்போது என் வழக்கம்.

மஞ்சக்குப்பம் கடைக்குத் திரும்ப வருகிறேன். பிளம்பர்கள் எடுத்துப் போவதற்குப் பார்வைச் சரக்கு என்று ஒரு தனிச் சீட்டை சாஃப்ட்வேரில் அமைத்துக் கொடுத்தார்கள். காசோலைக்குத் தேதி போடும் இடம் அதில் ஏற்கனவே இருந்தது, யாரும் காட்டித் தரவில்லை. குடோனில் அகப்படாத சாமான்களுக்காக வாரம் இருபது ரகம் என்று சுற்று முறையில் எண்ணத் தொடங்கினார்கள். வாய்வார்த்தைத் தள்ளுபடிக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. முதலாளி அதை எழுத்தில் ஏற்ற ஒப்புக்கொள்ளவில்லை, அதற்கு அவருக்கு அவர் காரணங்கள்.

ஆறு மாதம் கழித்துப் போனபோது பெரியவர் அதே இடத்தில் இருந்தார். நான் கேட்கும் முன்பே நோட்டை எடுத்து நீட்டினார். பழைய பக்கங்கள் பாதிக்கு மேல் குறுக்குக்கோடு போட்டு முடிந்திருந்தன. தள்ளுபடிப் பக்கம் நீண்டிருந்தது. கடைசியில் ஒரு புதுப் பக்கம் இருந்தது. மேலே "சிஸ்டம் நின்னது" என்று தலைப்பு. கீழே தேதி, நின்ற நேரம், வந்த நேரம், அப்போது காத்திருந்த கிராக்கி எத்தனை பேர், எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று ஐந்து கட்டம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது.

"இது யார் சொல்லிச் செய்யறீங்க ஐயா?"

"யாரும் சொல்லலை தம்பி. நீங்க எப்படியும் வந்து கேப்பீங்கன்னு தெரியும்."